பூதபுரியில் ஆள்பிடி மேஸ்திரி

ஸ்ரீபெரும்புதூரின் பழைய பெயர் பூதபுரி. கயிலாயத்தில் சிவபெருமான் சடை விரித்து ஆடிக்கொண்டிருந்தபோது பூதகணங்கள் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டன. சாபம் விழுந்தது. வேலை போய், போக்கிடம் இல்லாமல் இந்த ஊருக்கு வந்து தவம் கிடந்தன. ஆதிகேசவப் பெருமாள் வந்து காப்பாற்றினார் என்கிறது தலபுராணம். மேலிடத்தைப் பார்த்துச் சிரித்தால் வேலை போகும் என்ற நிலையாணை அப்போதே அமலில் இருந்திருக்கிறது. இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவன் 1017ல் இங்கே பிறந்த ராமானுஜரை விட்டுவிட்டால் அடிக்க வருவார்கள். அவரைப் பற்றி எழுதத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நமக்குப் பூதங்கள் போதும்.

வெளியூரிலிருந்து வேலை தேடி வந்து இறங்குகிற வழக்கம் அதோடு நிற்கவில்லை. 1998ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளியே வந்தது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் கதவு திறந்தது. டயர், கண்ணாடி, லாரி, புல்லட், செல்போன் என்று வயல்வெளியெல்லாம் கூரை முளைத்தது. விழுப்புரம், திருவண்ணாமலையில் தொடங்கி ஒடிசா, பீகார், அசாம் வரைக்கும் ஆள் வந்தது. ஆள் தானாக வராது. கூப்பிட ஒருவன் வேண்டும். அவன்தான் ஆள்பிடி மேஸ்திரி. இப்போது ‘மேன்பவர் ஏஜென்சி’ என்று போர்டு மாட்டிக்கொண்டிருக்கிறான். அவன் கையில் ஸ்பானர் இருக்காது. வாழ்நாளில் ஒரு திருகாணியைக்கூட முடுக்கியிருக்க மாட்டான். ஆனால் எந்த லைனில் ஆள் குறைகிறது என்று தெரியும். ஒரு போன் போட்டால் விடிவதற்குள் மூன்று பஸ் ஆள் கேட்டில் நிற்கும்.

இந்த மேஸ்திரியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, உடம்புக்குள் வைரஸ் வந்தால் ஆன்டிபாடி என்ன செய்கிறது என்பதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஐரோப்பிய மேதைகள் யாரும் ஒரகடத்துக்கு வந்ததில்லை. அதனால் அவர்களுக்கு எழுபது வருடத்துக்கு மேல் பிடித்தது.

கதை 1882ல் சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரத்தில் தொடங்குகிறது. இலியா மெச்னிகாஃப் என்ற ருஷ்ய விலங்கியல்காரர் அங்கே குடித்தனம் இருந்தார். ஒருநாள் வீட்டில் எல்லோரும் சர்க்கஸில் வித்தை காட்டும் குரங்குகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். இவர் மட்டும் மைக்ராஸ்கோப்போடு வீட்டில் தங்கினார். கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற நட்சத்திர மீன் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று ஒரு யோசனை. தோட்டத்துக்குப் போய் ரோஜா முள்ளைப் பறித்துவந்து அந்த அப்பாவிக் குஞ்சின் உடம்பில் குத்தினார். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். குத்தப்பட்ட குஞ்சுக்குத் தூக்கம் வந்ததா என்று எழுதவில்லை. காலையில் பார்த்தால், உடம்புக்குள் திரிகிற செல்கள் முள்ளைச் சுற்றி வளைத்து நின்றன. வெளியாள் உள்ளே நுழைந்தால் வளைத்துப் பிடித்து விழுங்குகிற செல்கள்! இவற்றுக்கு இன்று விழுங்கணுக்கள் என்று பெயர். உடம்பின் பாதுகாப்பெல்லாம் இந்த விழுங்கணுக்களின் கையில்தான் என்று மெச்னிகாஃப் முடிவுகட்டினார். பிறகு பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் போய் உட்கார்ந்தார். பிற்காலத்தில் புளித்த பாலைக் குடித்தால் ஆயுள் நீளும் என்று பிரசாரம் செய்து, தானும் குடித்து, 71 வயதில் காலமானார். மோர் குடிக்கிற நம்மூர்த் தாத்தாக்கள் பிரசாரம் செய்யாமலேயே அதற்கு மேல் போய்விடுகிறார்கள்.

எதிர்க்கட்சி பெர்லினில் இருந்தது. 1890 டிசம்பரில் எமில் ஃபான் பெரிங்கும் ஷிபாசாபுரோ கிட்டாசாட்டோவும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டெட்டனஸுக்குப் பழக்கப்படுத்திய முயலின் ரத்தத்தை எடுத்து எலிக்குப் போட்டால், எலி டெட்டனஸுக்குச் சாகவில்லை. ஆக, காக்கிற பொருள் ரத்தத்தின் தண்ணீரில், அதாவது சீரத்தில் இருக்கிறது. செல்லாவது விழுங்குவதாவது என்றது பெர்லின் கட்சி. இதில் டெட்டனஸ் கிருமியை 1889ல் முதன்முதலில் தனியாகப் பிரித்து வளர்த்தவர் கிட்டாசாட்டோ. 1901ல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது பெரிங் பெயர் இருந்தது. கிட்டாசாட்டோ பெயர் இல்லை. லைனில் நின்றவன் ஒருவன், போட்டோவில் நின்றவன் ஒருவன். நம் வட்டாரத்தில் இதற்கு யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள்.

பாரிஸ் செல் கட்சி, பெர்லின் சீரக் கட்சி. 1870 போரில் ஜெர்மனியிடம் தோற்ற ரணம் பிரான்ஸுக்கு இன்னும் ஆறவில்லை. ஆகவே இது விஞ்ஞானச் சண்டையாக மட்டும் இருக்கவில்லை. மாநாட்டுக்கு மாநாடு எதிர்க்கட்சியைக் கிழிப்பதே பிழைப்பாக இருந்தது. மெச்னிகாஃபும் அதைக் கோபத்தோடு ரசித்துச் செய்தார்.

இந்தக் கட்சிச் சண்டையில் குட்டை உடைத்தது மெச்னிகாஃபின் சொந்த ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு பையன். பெயர் ஜூல் போர்டே. பெல்ஜியத்துக்காரர், வயது 25. 1895ல் அவர் செய்த காரியத்தை அடுப்பு இருக்கிற யாரும் செய்யலாம். காலராக் கிருமிக்குப் பழக்கிய விலங்கின் சீரம் அந்தக் கிருமியைக் கொல்லும். அதை 55 டிகிரிக்குச் சூடாக்கினார். சீரம் செத்துவிட்டது, கிருமி ஜாலியாக நீந்தியது. இன்னொரு விலங்கின் சீரத்தை எடுத்தார். அது காலராவைக் கண்ணிலேயே பார்த்திராத விலங்கு. அதன் சீரம் தனியாகக் கிருமியை ஒன்றும் செய்யாது. செத்த சீரத்தில் இதைச் சில சொட்டு விட்டார். கொலை மறுபடியும் தொடங்கியது.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சூடேற்றிய பிறகும் மிஞ்சியிருந்தது ஒன்று. அதற்குக் காலராக் கிருமியை அடையாளம் தெரியும், கொல்லத் தெரியாது. சூட்டில் சுருண்டு விழுந்தது இன்னொன்று. அதற்குக் கொல்லத் தெரியும். யாரைக் கொல்வதென்று தெரியாது. முதலாவது ஆன்டிபாடி. இரண்டாவதைச் சீரக் கட்சியின் பால் எர்லிக் ‘காம்ப்ளிமென்ட்’ என்றார். ரத்தத்தில் எப்போதும் வேலைக்கு ஆள் கிடைக்குமா என்று திரிந்துகொண்டிருக்கிற முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்களின் கூட்டம் அது. மேஸ்திரி வெயில் தாங்குவான், நிழலில் நின்றே பழக்கம். வேலையாட்கள்தான் மயங்கி விழுவார்கள். வேலையாள் இல்லாத மேஸ்திரியால் பத்துப் பைசாவுக்குப் பிரயோஜனமில்லை என்பதை ஒரு கண்ணாடிக் குழாயில் காட்டிவிட்டார் போர்டே. 1919ஆம் ஆண்டுக்கான நோபல் அவருக்கும் வந்தது.

அதற்கு முன்பே, 1908ல், சண்டையை ஓயவைக்க நோபல் குழு நம்மூர் நாட்டாமை மாதிரி ஒரு தீர்ப்புச் சொன்னது: பரிசு ஆளுக்குப் பாதி. செல் கட்சியிலிருந்து மெச்னிகாஃப், சீரக் கட்சியிலிருந்து பால் எர்லிக். எர்லிக், சுருட்டுப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கியபடியே திரிந்தவர். ஆன்டிபாடிகளுக்குக் கொக்கியும் கொண்டியும் வைத்து அழகழகாகப் படம் வரைந்தவர். லண்டனில் ஆல்ம்ராத் ரைட் என்பவர் 1903லேயே இரண்டு கட்சிக்கும் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்: சீரத்தில் இருக்கிற பொருள் கிருமிமேல் ஒட்டிக்கொண்டால்தான் விழுங்கணு அதை ஆசையாக விழுங்குகிறது என்று காட்டினார். பெர்னார்ட் ஷா 1906ல் அவரை மாதிரியாக வைத்து ஒரு நாடகமே எழுதிக் கலாய்த்தார். லண்டன் சிரித்தது, சம்பந்தம் மட்டும் ஆறிப்போனது.

மேஸ்திரிக்குக் கொக்கி இருக்கிறது, சரி. ஆள் கூப்பிடுகிற உறுப்பு எங்கே இருக்கிறது? இதற்கு விடை சொன்னது பப்பாளி. வயசான ஆட்டுக்கறி வேகாவிட்டால் ஒரு துண்டு பப்பாளிக்காயைப் போடுங்கள் என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். அந்தக் காயின் பாலில் இருக்கிற பப்பெய்ன் என்ற நொதி புரதத்தை வெட்டும். 1959ல் ராட்னி போர்ட்டர் என்ற பிரிட்டிஷ்காரர் அதே நொதியை முயலின் ஆன்டிபாடிமேல் விட்டார். அது மூன்று துண்டாக விழுந்தது. இரண்டு துண்டுகள் கிருமியைப் பிடிக்கிற கைகள். மூன்றாவது எதையும் பிடிக்கவில்லை; சமர்த்தாகப் படிகமாகி உட்கார்ந்தது. அதுதான் வால். கைகள் ஆன்டிபாடிக்கு ஆன்டிபாடி வேறுபடும்: ஒன்று தட்டம்மையைப் பிடிக்கும், இன்னொன்று கொரோனாவை. வாலோ ஒரே வகை ஆன்டிபாடிகள் அனைத்துக்கும் ஒன்றே. கையில் பிடித்தது யாராக இருந்தாலும் வாலில் இருப்பது அதே போன் நம்பர். 1972ல் போர்ட்டரும் அமெரிக்காவின் ஜெரால்ட் எடல்மனும் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். பப்பாளிக்கு யாரும் மாலை போடவில்லை.

இனி வைரஸைக் கேட்டுக்குள் விடுவோம். வைரஸின் மூக்கையே ஆன்டிபாடி இறுக்கிப் பிடித்துக்கொண்டால் அது செல்லுக்குள் நுழைய முடியாது. இது மேஸ்திரி தன் கையாலேயே செய்கிற ஒரே உருப்படியான வேலை. இதற்கு நடுநிலையாக்கம் என்று பெயர். ஆனால் எத்தனை வைரஸைத்தான் மறிப்பது? நாலு பேர் தப்பித்துச் செல்லுக்குள் போய்விடுவார்கள். உள்ளே போனதும் அந்தச் செல்லை வைரஸ் தயாரிக்கும் ஆலையாக மாற்றிவிடுவார்கள். தயாரிப்பு நடக்கும்போது வைரஸின் புரதங்கள் செல்லின் வெளிச்சுவரிலும் தலைகாட்டும். அங்கேதான் மாட்டுவார்கள். ஆன்டிபாடி போய் அதைப் பற்றிக்கொள்ளும். வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ரோந்து வருகிற இயற்கைக் கொல்லி செல் அந்த வாலைப் பிடிக்கும். ஆன்டிபாடியும் கொல்லி செல்லும் பேசுவதைக் கேட்டால் இப்படித்தான் இருக்கும்:

“அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. இந்த ரூமுக்குள்ள என்னமோ நடக்குது.”

“நீ யாருப்பா? கார்டு காட்டு.”

“கார்டு இருக்குண்ணே, பின்னால வால்ல பாருங்க.”

“சரி, ஒதுங்கி நில்லு.”

அவ்வளவுதான். கொல்லி செல் ஓட்டை போடுகிற புரதத்தையும், தற்கொலைக்குத் தூண்டுகிற நொதிகளையும் அந்தச் செல்லுக்குள் இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ஆலை மூடல், நஷ்டஈடு கிடையாது. வெளியே திரிகிற வைரஸ்மேல் ஆன்டிபாடிகள் மொய்த்து நின்றால் விழுங்கணு வந்து வாலைப் பிடித்து முழுசாக விழுங்கும். வால்கள் நெருக்கமாக நின்றால் காம்ப்ளிமென்ட் கூட்டம் வந்து வைரஸின் கொழுப்புறையைத் துளைக்கும். இன்னொன்றும் உண்டு. 2010ல் கேம்பிரிட்ஜில் லியோ ஜேம்ஸ் குழுவினர் கண்டுபிடித்தது. சில வைரஸ்கள் முதுகில் ஒட்டிய ஆன்டிபாடியோடேயே செல்லுக்குள் நுழைந்துவிடும். உள்ளே ட்ரிம்21 என்று ஒரு புரதம் காத்திருக்கிறது. அதுவும் வாலைத்தான் பார்க்கும். பார்த்ததும் செல்லின் குப்பை அரைக்கிற எந்திரத்தை வரவழைத்து வைரஸை அரைத்துவிடும். கேட்டில் விட்டுவிட்டார்களே என்று சந்தோஷப்பட்டவனுக்கு உள்ளே எச்.ஆர். காத்திருந்த கதை.

இவ்வளவு ஆராய்ச்சியும் முடிந்து புத்தகங்களில் ஏறிய பிறகு, 2020 மார்ச் 7ஆம் தேதி தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி அறிவிக்கப்பட்டார். எந்த மாவட்டம்? காஞ்சிபுரம். தொழில் வளர்ச்சியில் முன்னணி மாவட்டம் இதிலும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மே மாதமே, ஊழியர்களுக்குத் தொற்று வந்ததால் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தன் ஆலையை நிறுத்திவைத்தது.

மறு வருடம் மே மாதத்தை வட்டாரம் மறக்காது. 2021 மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,000க்கு மேல் தொற்று. மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு. காய்கறிக் கடைக்குப் பூட்டு, மளிகைக் கடைக்குப் பூட்டு, கார்த் தொழிற்சாலைக்கு மட்டும் விலக்கு. அதாவது அந்த வாரம் நீங்கள் கத்தரிக்காய் வாங்கக் கடைக்குப் போக முடியாது. கார் செய்யப் போகலாம். ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட் ஒரே பாயில் படுக்கிற அறைகளிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் போனார்கள். கேட்டில் நெற்றிக்கு நேரே தெர்மல் கன் நீட்டினார்கள். காய்ச்சல் வருவதற்கு முன்பே பரவுகிற வைரஸ், அந்தத் துப்பாக்கிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனது.

மே 24 அன்று ஹூண்டாய் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி உட்கார்ந்தார்கள். மறுநாள் முதல் ஐந்து நாள் ஆலை மூடப்பட்டது. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போனது. உயிருக்குப் பயந்து வேலைக்கு வரமாட்டோம் என்றது. மே 30 வரை அங்கும் உற்பத்தி நின்றது. பிறகு அதிகாரிகள் ஆலைக்குப் போய்ப் பார்த்தார்கள். கன்வேயரில் வண்டிகளுக்கு நடுவே காலி இடம் விட்டால் ஆட்கள் தள்ளி நிற்க முடியுமா என்று வழக்கு நடந்தது. தள்ளி நில் என்று செல்போன் அழைப்பொலியில் இருமிக்கொண்டே சொன்ன நாட்டில், அந்த இடைவெளியை லைனில் வாங்க வக்கீல் வைக்க வேண்டியிருந்தது. சங்கமும் திருகாணி முடுக்குவதில்லை; ஆள் கூப்பிடுகிறது. அந்த மே மாதத்தில் வைரஸை நிறுத்த அது கூப்பிட்ட கூப்பாடு, எல்லாத் தெர்மல் கன்களையும்விட அதிகம் உதவியது என்பது என் கட்சி.

அலை வடிந்ததும் புதுப் பைத்தியம் ஒன்று தொடங்கியது: ஆன்டிபாடி டெஸ்ட். லேப் சீட்டில் ஒரு எண் வரும். ப்ளஸ் டூ மார்க்கைப் போல அதை டீக்கடையில் வைத்து ஒப்பிட்டார்கள். “உனக்கு எவ்வளவு மாப்ளே?” “எனக்கு முந்நூறு.” “எங்க சூப்பர்வைசருக்கு ரெண்டாயிரமாம்!” சூப்பர்வைசருக்கு எதிலும் அதிகம்தானே வரும். அரசும் எண்ணியது. 2021 ஜூலையில் மாநிலம் முழுக்க எடுத்த கணக்கில் 66.2 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. விருதுநகர் மாவட்டம் முதலிடம், ஈரோடு கடைசி. அரசு எண்ணியதில் தப்பில்லை. ஊருக்குள் வைரஸ் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிய அதுதான் வழி. டீக்கடைக் கணக்கில்தான் கோளாறு. அந்தச் சீட்டு, கை எத்தனை இருக்கிறது என்று சொல்லும். வாலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. ஊரில் எத்தனை மேஸ்திரி இருக்கிறான் என்று எண்ணிவிட்டு உற்பத்தி இவ்வளவு என்று அறிக்கை விடுகிற கணக்கு அது.

இந்தக் கணக்கை டாக்டர்களும் நம்பினார்கள். கொரோனாவிலிருந்து தேறியவரின் பிளாஸ்மாவை எடுத்து நோயாளிக்கு ஏற்றுவது, 1890ல் முயலிடமிருந்து எலிக்குப் போன அதே சரக்கு. சென்னையில் பிளாஸ்மா வங்கி திறந்தார்கள். கொடையாளரைத் தேடி வாட்ஸ்அப் முழுக்க அலறல். ஐ.சி.எம்.ஆர். 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை வைத்துச் சோதித்துப் பார்த்தது. நோய் முற்றுவதையும் சாவையும் பிளாஸ்மா குறைக்கவில்லை. 2021 மே மாதம் சிகிச்சைப் பட்டியலிலிருந்து அதைத் தூக்கிவிட்டார்கள். கனடா தலைமையில் நடந்த இன்னொரு பெரிய சோதனையிலும் பலன் இல்லை என்றுதான் வந்தது. ஆனால் அவர்கள் பிளாஸ்மா பைகளைப் பிரித்து, உள்ளே இருந்த ஆன்டிபாடிகளின் குணத்தையும் பார்த்தார்கள். கை வலுவாகப் பிடிக்கிற பையும், கொல்லி செல்லைக் கூப்பிடுகிற வால் உள்ள பையும் கெடுதல் குறைவாகச் செய்தன. வைரஸில் ஒட்டுவதற்கு ஏராளமாக இருந்தும் இந்தத் திறமைகள் இல்லாத பைகள் நோயாளிக்கு ஆபத்தையே கூட்டின. வெறும் கூட்டம் சேர்ப்பதால் என்ன ஆகும் என்று போர்டேயிடம் கேட்டிருந்தால் 1895லேயே சொல்லியிருப்பார்.

மேஸ்திரி தப்பான ஆளைக் கூட்டிவருவதும் உண்டு. டெங்கு அப்படிப்பட்ட விவகாரம். டெங்கு வைரஸில் நான்கு வகை. ஏதாவது ஒரு வகை வந்துபோனால் அதற்கான ஆன்டிபாடி தங்கிவிடும். அடுத்த முறை வேறு வகை வரும்போது இந்தப் பழைய மேஸ்திரி போய் அரைகுறையாகப் பிடிப்பான், முடக்கமாட்டான். ஆனால் வால் தன் வேலையை மறக்காது, விழுங்கணுவைக் கூப்பிடும். விழுங்கணு விழுங்கும். டெங்குவுக்கு வேண்டியதும் அதுதான். அது குடியேறிப் பெருகுகிற இடமே விழுங்கணுவின் வயிறு. கள்ளனைக் காவல் நிலையத்துக்குள்ளேயே குடிவைத்த கதை. இரண்டாம் முறை டெங்கு வந்த குழந்தைகள் ஏன் அதிகமாகத் துவண்டு விழுகிறார்கள் என்று 1960களில் பாங்காக்கில் துருவிய ஸ்காட் ஹால்ஸ்டெட் இதைத்தான் சொன்னபோது, காக்கிற பொருளே கெடுக்குமா என்று பலர் நம்ப மறுத்தார்கள். மழை முடிந்த கையோடு ஒரகடம் பக்கத்து வாடகை அறைகளில் தண்ணீர் டிரம்களை எட்டிப் பார்த்தவர்கள் இதை நம்பாமல் இருக்கமாட்டார்கள். ஒருமுறை டெங்கு வந்துவிட்டது, இனி பயமில்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால், டிரம்முக்கு மூடி வாங்கிக் கொடுங்கள்.

பரிசுக் கணக்கை முடித்துவிடுவோம். பெரிங்குக்கு ஒன்று, மெச்னிகாஃப்-எர்லிக் ஜோடிக்கு ஒன்று, போர்டேவுக்கு ஒன்று, போர்ட்டர்-எடல்மன் ஜோடிக்கு ஒன்று. கிட்டாசாட்டோவுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை, 1931ல் இறந்துபோனார். ஜப்பான் 2024 ஜூலையில் புதிய ஆயிரம் யென் நோட்டை வெளியிட்டு அதில் அவர் முகத்தைப் போட்டது. நம் வட்டாரத்தில் ஜப்பானிய இன்ஜினீயர்களுக்குப் பஞ்சமில்லை. யாராவது பழக்கமானால் பர்ஸிலிருந்து அந்த நோட்டை எடுத்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.